விவாதப் பயிற்சி: பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்

அன்பான பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். இந்தத் தவணையிலிருந்து தரம் 9க்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு விவாதப் பயிற்சி தொடங்குகிறோம். புதன்கிழமைகளில் பாடசாலை விட்டபின் 2 மணி முதல் 3.30 வரை. தூரத்திலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகள் முன்னதாகவே புறப்படலாம். இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுபவர்களைச் சேர்க்கவில்லை.

விவாதம் என்றதும் கோயில் திருவிழாப் பட்டிமன்றம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அங்கே சபையைச் சிரிக்க வைத்தவர் பாதி வென்றுவிடுவார். போட்டி விவாதத்தில் நடுவர் புள்ளித்தாளோடு உட்கார்ந்து, எதிரணி சொன்னதற்குப் பதில் வந்ததா என்று பார்ப்பார்.

இதில் பல முறைகள் உண்டு. அமெரிக்கப் பாடசாலைகளில் ஒருவரோடு ஒருவர் மோதும் லிங்கன் - டக்ளஸ் முறை இருக்கிறது. 1858இல் இல்லினோய் மாநிலத்தில் ஆபிரகாம் லிங்கனும் ஸ்டீபன் டக்ளஸும் ஏழு இடங்களில் நடத்திய விவாதங்களை வைத்து வந்த பெயர் அது. பல்கலைக்கழகங்களில் பிரித்தானியப் பாராளுமன்ற முறை பிரபலம்: இரண்டிரண்டு பேராக நான்கு அணிகள், தலைப்பு கிடைப்பது 15 நிமிடத்துக்கு முன்புதான். நம் பிள்ளைகளுக்கு அது இப்போதைக்கு அதிகம்.

நாங்கள் எடுத்துக்கொள்வது உலகப் பாடசாலைகள் விவாத முறை. 1988இல் அவுஸ்திரேலியாவில் தொடங்கிய போட்டியின் முறை இது. பக்கத்துக்கு மூன்று பேர், ஆளுக்கு 8 நிமிடம், முடிவில் ஒவ்வோர் அணிக்கும் 4 நிமிடத் தொகுப்புரை. முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் தவிர இடையில் எதிரணியினர் எழுந்து கேள்வி கேட்கலாம். ஏற்பதும் மறுப்பதும் பேசுபவர் விருப்பம். 100 புள்ளிகளில் உள்ளடக்கத்துக்கு 40, பேசும் விதத்துக்கு 40, உத்திக்கு 20. தொடக்கத்தில் 8 நிமிடத்தை 5 ஆகக் குறைத்துக்கொள்வோம்.

சரி, வேண்டுகோளுக்கு வருகிறேன். தயவுசெய்து பிள்ளைக்குப் பேச்சை எழுதிக் கொடுக்காதீர்கள். ஆசிரியர்களுக்கும் இதையே சொல்லியிருக்கிறேன். பேச்சுப் போட்டிக்குப் பெரியவர்கள் எழுதிக் கொடுப்பதும் பிள்ளை பாடமாக்கி ஒப்புவிப்பதும் நம் பக்கத்தில் பழகிப்போன விடயம். இங்கே அது எடுபடாது. மூன்றாம் பேச்சாளரின் வேலையே பெரும்பாலும் மறுத்துப் பேசுவதுதான். எதிரணி வாய் திறக்கும்வரை அவருடைய பேச்சை யாராலும் எழுத முடியாது.

எந்தப் பக்கம் பேசுவது என்பதை நாணயம் சுண்டித்தான் தீர்மானிப்போம். முதல் தலைப்பு: 'இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொடுக்க வேண்டும்.' இது எவ்வளவு சூடான விடயம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கிளிநொச்சியில் அந்தக் குளத்து நீரை நம்பி வயல் செய்யும் வீட்டுப் பிள்ளையே 'கொடுக்க வேண்டும்' என்ற பக்கத்தில் நிற்க நேரலாம். வீட்டில் அப்படிப் பேசிப் பழகினால் பதற வேண்டாம், ஏசவும் வேண்டாம். அதற்குப் பதிலாக, தண்ணீர் குறைந்த வருடத்தில் சிறுபோகத்துக்கு (வறண்ட பருவ நெற்செய்கைக்கு) ஏக்கர் எப்படிப் பங்கிடப்படுகிறது, கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் என்ன கதைக்கிறார்கள், வாய்க்கால் கடைசியில் உள்ள காணிக்கு என்ன நடக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள். யாழ்ப்பாணத்தில் உறவினர் இருந்தால், கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று பிள்ளையே தொலைபேசியில் கேட்கட்டும். விடயம் உங்களிடமிருந்து போகலாம். வசனம் பிள்ளையுடையதாக இருக்கட்டும்.

'இப்படிப் பழக்கினால் எங்களையே எதிர்த்துக் கதைக்கும்' என்று சிலர் கவலைப்படுவீர்கள். கொஞ்சம் கேள்வி கேட்கத்தான் செய்யும். ஆனால் மற்றவர் பேசி முடிக்கும்வரை குறிப்பெடுத்துக்கொண்டு வாயை மூடி இருக்கவும் இங்கேதான் பழகும். அது எத்தனை பெரியவர்களுக்கு வருகிறது?

பெண்பிள்ளைகளை வீட்டு வேலைக்கென்று புதன்கிழமை மறிக்காதீர்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று பேர் கட்டாயம் வேண்டும். ஒருவர் வராவிட்டால் மற்ற இருவருக்கும் அன்றைய பயிற்சி இல்லை.

சம்மதக் கடிதத்தை வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். பயிற்சியைப் பார்க்க விரும்பும் பெற்றோர் தாராளமாக வரலாம். பின்வரிசையில் கதிரை போட்டிருப்போம். உங்கள் பிள்ளை தடுமாறினால் அங்கிருந்து எடுத்துக் கொடுக்க மட்டும் கூடாது.

இப்படிக்கு,
அதிபர்