கொப்பி பிடித்திருக்கும் மருமகளுக்கு

அன்பின் மருமகளுக்கு,

புதன்கிழமை இரவு நீ தொலைபேசியில் பேசியது இன்னும் காதுக்குள் நிற்கிறது. "மூணு மாசமா ஆட்டம் பழகினன் மாமா. கடைசில எனக்குக் கொப்பியும் டோர்ச்சும்தான் தந்திருக்காங்க" என்றாய். பிறகு அழுதாய். நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். சொல்ல இருந்தது தொலைபேசியில் அடங்காது. உங்கள் கூத்தின் அரங்கேற்றத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. ஆகவே எழுதுகிறேன்.

உன் வேலைக்குப் பல்கலைக்கழகத்தில் மேடை முகாமையாளர் என்று பெயர். நம்முடைய ஊர்க் கூத்துக் களரியில் அந்த வேலைக்கு இதைவிடப் பழைய பெயர் இருக்கிறது. மத்தள அண்ணாவியாருக்குப் பக்கத்தில் ஏட்டைப் பிடித்தபடி ஒருவர் நிற்பாரே, கூத்தருக்குப் பாட்டு மறந்தால் அடியெடுத்துக் கொடுப்பவர், அடுத்த வரவு யாருடையது என்று தெரிந்து வைத்திருப்பவர். ஏட்டண்ணாவியார். மத்தளம் அடிக்கிறவரை அழைத்த அதே மரியாதைச் சொல்லால்தான் ஏடு பிடித்தவரையும் ஊர் அழைத்தது. உனக்குத் தந்திருப்பது அந்த இடம், மகள்.

ஊரில் ஒரு கூத்து அரங்கேறும் வழியை நீ பாடத்தில் படித்திருப்பாய். சட்டங்கொடுப்பார்கள், அவரவர் பாட்டை எழுதிக் கையில் கொடுப்பது. மாதக்கணக்கில் பழகுவார்கள். கிழமைக்குக் கிழமை ஆடிப் பார்க்கும் கிழமைக்கூத்து நடக்கும். சதங்கை அணிவார்கள். பிறகு அடுக்குப் பார்த்தல், முழுக்கூத்தையும் ஒருமுறை ஆடிப் பார்ப்பது. அதற்குப் பிறகுதான் அரங்கேற்றம். இதில் யாரும் அவசரப்பட்டதில்லை. அண்ணாவியாரும் ஊர்ப் பெரியவர்களும் படிப்படியாகப் பிழைகளைப் பார்த்துத் திருத்திக்கொண்டே வந்துவிடுவார்கள்.

பல்கலைக்கழகத்தில் அப்படியில்லை. மூன்று மாதம் ஒரு விரிவுரை மண்டபத்தில் கதிரைகளை ஒதுக்கிவிட்டுப் பழகுவீர்கள். உண்மையான மண்டபம் இரண்டு நாளைக்குத்தான் கிடைக்கும். உடுப்பு, விளக்கு, பலகைத் தரை, பக்கத்திரை எல்லாம் ஒன்றையொன்று முதன்முதலாகச் சந்திப்பது அந்த இரண்டு நாளில். ஆட்டக்காரர் தம் ஆட்டத்தை நினைப்பார்கள். நெறியாளர் முழுமையை நினைப்பார். இந்தப் பொருள்களெல்லாம் சந்திக்கும்போது என்ன நடக்கும் என்று முன்கூட்டியே நினைத்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்த கதையை உங்களுக்குக் கட்டாயம் சொல்லித் தந்திருப்பார்கள். 1962இல் 'கர்ணன் போர்'. பின்னாளில் பேராசிரியரான சி. மௌனகுரு அப்போது அங்கே மாணவர். விடிய விடிய ஆடிய கூத்தைச் சுருக்கினார்கள் என்பதைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது இன்னொன்று. சுற்றிவரச் சனம் இருந்து பார்த்த வட்டக் களரியை, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கும் படச்சட்ட மேடைக்குள் வைத்தார்கள். வட்டத்துக்கு முதுகுப் பக்கம் கிடையாது. சட்டத்துக்கு உண்டு. அந்த முதுகுப் பக்கத்தில், இருட்டில், அறுபது வருடமாக யாரோ ஒருவர் நின்றுகொண்டே இருக்கிறார். இந்த முறை அது நீ.

இப்போது எங்கள் கூத்தில், நான் கொப்பி பிடித்த கூத்தில், நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் ஆடியதும் வடமோடி, மட்டக்களப்புக் கூத்தின் இரண்டு வகையில் ஒன்று. பழகியது சாரமும் பெனியனுமாக. அரங்கேற்றத்துக்கு முதல் நாள் பின்னேரம்தான் உடுப்புகள் வந்து சேர்ந்தன. துரியோதனனுக்குக் கரப்புடுப்பு. கோழி கவிழ்க்கும் கரப்பைப் போல இடுப்பிலிருந்து விரிந்து நிற்குமே, அது. கட்டி முடிக்கவே முக்கால் மணித்தியாலம் போனது. வரவுக்கு மத்தளம் தொடங்கியது. பிற்பாட்டுக்காரர் பாடத் தொடங்கினார்கள். ஆள் வரவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், இரண்டு பக்கத்திரைகளுக்கு நடுவே இடைவெளி இரண்டரை அடி. உடுப்பின் அகலம் மூன்றரை அடி.

பக்கவாட்டாகத் திரும்பி வந்தால் சரி என்று ஒருவர் சொன்னார். சரியில்லை. கூத்தில் ஒருவரின் வரவு அவர் யார் என்று சொல்கிறது. ஓர் அரசன் திரைக்குள்ளிருந்து உடம்பை நெளித்துக்கொண்டு வந்தால், அதற்குப் பிறகு எவ்வளவு ஆடியும் அவன் அரசனாக மாட்டான்.

ஆகவே திரையை நகர்த்தினோம். நகர்த்தியதும் உள்ளே காத்திருக்கிறவர்கள் இடப்பக்க முன்வரிசைக்குத் தெரிந்தார்கள். அதை மறைக்கக் கறுப்புத் துணி தேடினோம். துணியைத் தொங்கவிட விளக்குத் தாங்கியைத் தள்ளினோம். தள்ளியதும் விளக்கின் முகம் மாறிவிட்டது. ஒவ்வொரு விளக்கையும் திரும்பவும் ஏணி வைத்துத் திருப்ப வேண்டியதாயிற்று. முடிக்கும்போது விடியற்காலை மூன்று மணி. அவ்வளவு நேரமும் துரியோதனன் விளக்குக்கு முன்னால் நின்றார், ஒளி எங்கே விழுகிறது என்று பார்க்க. அடுத்த நாள் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஓர் அளவுநாடாவை மூன்று கிழமைக்கு முன்னமே நான் எடுத்துக்கொண்டு போயிருந்தால் அவர் குரல் அடைத்திருக்காது.

நாளைக்கே போ, மகள். மண்டபத்தைத் திறந்து தர மாட்டோம் என்றால், காவலாளி ஐயாவிடம் பணிவாகக் கேள். பக்கத்திரை இடைவெளி, உள்ளே திரும்பும் இடம், ஒப்பனை அறையிலிருந்து மேடைக்கு வரும் கதவு, படி. எல்லாவற்றையும் அள. அதே அளவுக்கு நீங்கள் பழகும் அறையின் தரையில் வெள்ளை ஒட்டுநாடா ஒட்டு. சாரத்தின் மேல் ஒரு பழைய கரப்பையாவது கட்டிக்கொண்டு ஒரு கிழமை ஆடட்டும். உடுப்பின் பாரத்தைக் கால் முதலிலேயே பழகியிருக்க வேண்டும்.

மின்சாரத்தையும் பார். 230 வோல்ட்டில் 1000 வாட் விளக்கு ஒன்று நாலேகால் அம்பியருக்கு மேல் இழுக்கும். 13 அம்பியர் பிளக் ஒன்றில் இப்படி மூன்றைக் கொளுவினால் எல்லை தாண்டும். எந்த விளக்கு எந்தப் பிளக்கில் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டு. ஒப்பனை அறையில் தேத்தண்ணிக்குக் கேத்தல் போடுகிறவர்கள் எந்த லைனில் போடுகிறார்கள் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

பொருள்களுக்கு ஒரு மேசை வை. அதன்மேல் வெள்ளைத் தாளை விரித்து வில், வாள், தண்டம் எல்லாவற்றையும் அடுக்கி, ஒவ்வொன்றையும் சுற்றிக் கோடு கீறிப் பெயர் எழுது. தாளில் ஒரு கோடு வெறுமையாகக் கிடந்தால், எது திரும்பி வரவில்லை என்று இருட்டிலும் தெரியும். மத்தளத்தைக் குளிரூட்டிக்கு நேரே வைக்க விடாதே. மண்டபக் காற்றுக்குத் தோல் பழக வேண்டும், இரண்டு மணித்தியாலம் முன்னதாகவே உள்ளே கொண்டுவரச் சொல்.

சதங்கையையும் பார்க்கச் சொல்ல மறந்துவிட்டேன். ஒவ்வொன்றின் கயிற்றையும் நீயே இழுத்துப் பார். அறுந்து சிதறினால் வெறுங்காலோடு ஆடுகிறவர்களுக்குத்தான் காயம்.

இனி, இதுவரை யாருக்கும் சொல்லாத ஒன்று.

அரங்கேற்ற இரவு எல்லாம் நன்றாகப் போனது. கட்டிய தொண்டையோடும் துரியோதனன் நின்றாடினார். கடைசியில் கர்ணன் விழுகிறான். குந்தி வந்து அவனை மடியில் கிடத்திப் புலம்புகிறாள். அந்த இடத்தில் மேடை முழுவதும் இருந்த ஒளி மெல்ல ஒடுங்கி இருவர்மேல் மட்டும் நிற்க வேண்டும். கொப்பியில் சிவப்புப் பென்சிலால் நானே குறித்திருந்தேன். மூன்று மாதம் கேட்ட பாட்டு அது. ஆனால் அன்று உடுப்போடும் ஒளியோடும் அவள் பாடியபோது நான் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். கண் நிறைந்துவிட்டது. ஒளி ஒடுங்கவில்லை. விளக்குப் பலகையில் இருந்த தம்பி என் குரலுக்காகக் காத்திருந்தான். என் சொல் இல்லாமல் கை வைக்கக் கூடாது என்று நான்தான் அவனுக்குச் சொல்லியிருந்தேன். நாலு அடி பாடி முடிந்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

பார்த்தவர்களுக்குத் தெரிந்திராது. குந்தியாக ஆடியவளுக்குத் தெரியும். அந்த ஒடுங்கும் ஒளிக்காகத்தான் தலையை எப்படித் திருப்புவது என்று அவள் பழகியிருந்தாள். பிறகு உடுப்பு மாற்றும்போது என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. இருபத்தாறு வருடமாகிறது.

அதனால் சொல்கிறேன், கூத்தைப் பார்க்காதே. கேள். கூத்தில் எல்லாக் கியூவும், ஒளியையோ ஆளையோ மாற்றச் சொல்லும் குறிகள், காதுக்குள்தான் இருக்கின்றன. மத்தளம் தாளந்தீர்க்கப் போவது, தாளத்தை முடிக்கப் போவது, அதற்கு முந்திய சுற்றிலேயே கேட்கும். உன் சொல் வாயை விட்டுப் போய், விளக்குக்காரரின் விரலைச் சேர்ந்து, ஒளி மாறித் தெரிய ஒரு கணம் எடுக்கும். ஆகவே தீர்வுக்கு ஒரு தட்டு முன்னதாகச் சொல். ஒவ்வொரு கியூவுக்கும் ஐந்தாறு அடி முன்னால் கொப்பியில் 'ஆயத்தம்' என்று எழுது. கியூவுக்கு ஒரே ஒரு சொல் வைத்துக்கொள். எங்களுக்கு 'விடு'. அன்று மேடைக்குப் பின்னால் வேறு எதற்கும் அந்தச் சொல்லை யாரும் சொல்லக் கூடாது, கையை விடு என்றுகூட.

மண்டபம் கிடைக்கும் முதல் நாளில் அரை நாளைக் கியூ ஒத்திகைக்கு மட்டும் கேட்டு வாங்கு. பாட்டு முழுவதும் வேண்டாம், கியூவுக்குக் கியூ தாண்டிப் போவது. ஆட்டக்காரருக்கு இது பிடிக்காது. நிற்கச் சொல்வாய், திரும்ப வரச் சொல்வாய், உடம்பு ஆறிப்போகும். அவர்களுக்கு முதல் நாளே சொல்லி வை, தண்ணீரும் பிஸ்கட்டும் எடுத்து வை. உன் நெறியாளர் அந்த அரை நாளையும் ஆட்டத்துக்கே கேட்பார். அவர் நல்லவர், ஆனாலும் விட்டுக்கொடுக்காதே. உன் பாத்திரத்துக்காக ஒரு முறை அழுதாய். இந்த அரை நாளுக்காக ஒரு முறை சண்டை பிடி.

நீ பழகிய ஆட்டம் வீண் என்று நினைக்காதே. தாளக்கட்டு காலில் ஏறிய ஒருவர் கொப்பி பிடிக்கும்போது, ஆடுகிறவருக்கு மூச்சு எங்கே முட்டும், அடி எங்கே தவறும் என்று உடம்பாலேயே தெரியும். என் காலுக்கு அது ஒருநாளும் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியான பஸ்ஸில் வருகிறேன். உன் அம்மாவும் வருகிறாள். எங்களுக்கு முன்வரிசையில் இடம் பிடிக்க வேண்டாம், பின்வாசலோரம் இருப்போம். என்னுடைய பழைய டோர்ச்சைக் கொண்டுவருகிறேன். முகப்பில் நீலத் தாள் ஒட்டியிருக்கிறது, கொப்பி தெரியும், மேடைக்கு வெளிச்சம் கசியாது. பட்டறி மட்டும் புதிதாக வாங்க வேண்டும். பெரிய சைஸ், இரண்டு. உன் பக்கத்துக் கடையில் இருந்தால் வாங்கி வை.

அன்புடன்
மாமா