அப்பா வழியையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

38 வயதில் எனக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்தபோது, "அம்மாவுக்கு இருந்ததா?" என்று மட்டும்தான் மருத்துவர் கேட்டார். இல்லை என்றேன். அப்பாவின் அக்காக்கள் இருவரும் இதே நோயில்தான் போனார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. பிள்ளைகளின் கல்யாணம் தடைபடும் என்று பயந்து 'வயிற்றுக் கோளாறு' என்றே வீட்டில் சொல்லிவந்தார்கள்.

மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ (BRCA) மரபணுப் பிழை அப்பா வழியாகவும் இறங்கும். பெற்றவர் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும், மகனோ மகளோ, பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்புறம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எனக்கு அது உறுதியானது. அத்தை மகள்கள் மூவரையும் இப்போது நானே பரிசோதனைக்கு அழைத்துப் போகிறேன். ஒருத்திக்கு வயது 26.

அரசு மருத்துவமனைச் சீட்டில் அப்பா வழி நோய்களைக் குறிக்கவும் ஒரு கட்டம் வேண்டும். பரிசோதனையும் இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

ஒரு வாசகி,
தஞ்சாவூர்