எல்லாவற்றையும் ‘நரம்பு’ என்றால் எப்படி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவன் நான். கால் இறுக்கத்தைப் பற்றி வாசகர்கள் அனுப்பும் கேள்விகள் பலவும் ‘காலில் நரம்பு இழுக்கிறது’ என்றே தொடங்குகின்றன. அவற்றுக்கு வரும் பதில்களும் அதே சொல்லைத் திருப்பிச் சொல்லி, நீட்டல் பயிற்சி ஒன்றைப் பரிந்துரைத்துவிட்டு முடிந்துவிடுகின்றன. அந்த ஒரு சொல் விளைவிக்கும் குழப்பத்தைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பேச்சு வழக்கில் நாம் நான்கு வெவ்வேறு உறுப்புகளை நரம்பு என்கிறோம். நள்ளிரவில் கெண்டைக்கால் கல்லாக இறுகி நம்மை எழுப்பிவிடும்போது ‘நரம்பு இழுத்துக்கொண்டது’ என்கிறோம். அங்கே இழுத்துக்கொண்டது தசை. குதிகாலுக்கு மேலே கயிறுபோல் விரலுக்குத் தட்டுப்படுவதையும் நரம்பு என்கிறோம். அது தசையை எலும்போடு பிணைக்கும் நாண். காலில் நீலமாகப் புடைத்துச் சுருண்டிருப்பதும் நம் வாயில் நரம்புதான்; உண்மையில் அது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் சிரை. மெய்யான நரம்போ, முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து கிளம்பி, பிட்டம், பின்தொடை வழியாகப் பாதம்வரை கண்ணுக்குத் தெரியாமல் இறங்குவது. இந்த நான்கில் ஒன்றுக்கு நல்லதாக இருப்பது மற்றொன்றுக்குக் கேடாக முடியலாம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து கணக்குப் பார்க்கும் வேலை என்னுடையது. வலது பின்தொடை விறைப்பாக இருப்பதை உணர்ந்து, நெடுநேரம் முழங்கால் மடங்கியே இருப்பதால் தசை குறுகிவிட்டது என்று நானே முடிவுகட்டி, குனிந்து கால்விரலைத் தொடும் பயிற்சியைக் காலையும் மாலையும் இரண்டு மாதம் விடாப்பிடியாகச் செய்தேன். விறைப்பு குறையவில்லை, பாதத்தில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வுதான் புதிதாகச் சேர்ந்தது. பிறகு இயன்முறை மருத்துவர் ஒருவர் என்னை நாற்காலியில் முதுகை வளைத்து அமரச் செய்து, காலை நீட்டச் சொல்லி, இழுப்பு தோன்றிய நிலையிலேயே தலையை மட்டும் குனியச் சொன்னார். காலில் இழுப்பு சட்டென்று கூடியது. தொடைத் தசை கழுத்துவரை போவதில்லை. ஆனால் மூளையிலிருந்து கால்வரை நரம்பு மண்டலம் ஒரே தொடராக இருப்பதால், தலை கவிழும்போது கூடி, நிமிரும்போது குறையும் இழுப்பு பெரும்பாலும் நரம்பைச் சேர்ந்தது என்று அவர் விளக்கினார். ஏற்கெனவே உறுத்தலில் இருந்த நரம்பை நான் நாளுக்கு இருமுறை இழுத்துப் புண்படுத்தியிருக்கிறேன்.

தசையின் இறுக்கம் அப்படிப்பட்டதன்று. அது தசையின் நடுப்பகுதியில் மந்தமாகவும் பரவலாகவும் இழுக்கும். காலைத் தளர்த்தினால் அடங்கிவிடும். மரத்துப்போதலோ சுரீரென்ற வலியோ இராது. இத்தகைய இறுக்கத்துக்கு நீட்டல் பயிற்சி உதவும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் எந்தத் தசையை நீட்டுகிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும். கெண்டைக்காலில் இரண்டு பெரிய தசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளன. மேலே இருப்பது முழங்காலுக்கு மேலிருந்து தொடங்குவதால், சுவரில் கையூன்றி, பின்காலை மடக்காமல் நீட்டி, குதிகாலைத் தரையில் அழுந்தப் பதித்தால்தான் அது முழுமையாக நீளும். அடியில் இருப்பது முழங்காலுக்குக் கீழே தொடங்குவது. குதிகாலை எடுக்காமல் அதே முழங்காலைச் சற்று மடக்கினால்தான் இழுப்பு அதன்மேல் விழும். வெளிவரும் படங்களில் முதலாவது நிலையே மிகுதியாகக் காட்டப்படுவதால், பலர் பாதி வேலையோடு நின்றுவிடுகிறார்கள்.

ஒவ்வொரு முறையும் 30 நொடி அசையாமல் நிறுத்தி, இரண்டு மூன்று முறை செய்தால் போதும். முதியவர்கள் 60 நொடிவரை நிறுத்தலாம். துள்ளித் துள்ளி இழுப்பது கூடாது, ஏனெனில் திடுமென இழுபடும் தசை தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே சுருங்கும் இயல்புடையது. முதல் சில வாரங்களில் கால் எளிதாக நீள்வதைக் கண்டு தசை நீண்டுவிட்டதாக எண்ண வேண்டியதில்லை; அந்த இழுப்பைப் பொறுத்துக்கொள்ள உடல் பழகியதே அதற்குப் பெரும்பாலும் காரணம். ஓடப்போகுமுன் நெடுநேரம் அசையாமல் நீட்டுவதைவிட, விரைந்து நடந்தும் காலை முன்னும் பின்னும் வீசியும் உடலைச் சூடாக்கிக்கொள்வதே பொருத்தமானது. இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால், முழங்காலை நீட்டி, பாதத்தை நம்மை நோக்கி மடக்கினால் பிடிப்பு விடும்.

சிரையின் கதை வேறு. ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி, சூடேறி, வலித்தால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கக்கூடும். ‘நரம்பு பிசகியது’ என்று அதை அழுத்தி உருவிவிட்டால், உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்துவிடும் ஆபத்து உண்டு. அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். சிறிது தொலைவு நடந்ததும் கெண்டைக்கால் வலித்து, நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடுகிறது என்றால், அது இதயத்திலிருந்து காலுக்கு இரத்தத்தைக் கொண்டுவரும் தமனியில் ஓட்டம் குறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். அதை எவ்வளவு நீட்டியும் பயனில்லை.

ஆகவே, வாசகர் ‘நரம்பு’ என்று எழுதிக் கேட்டாலும், பதிலில் அது தசையா, நாணா, சிரையா, நரம்பா என்று பிரித்துச் சொல்லுமாறு தங்கள் பக்கத்தில் எழுதும் மருத்துவர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன். பயிற்சிப் படங்களை வெளியிடும்போது, இழுப்பு எந்த இடத்தில் தெரிய வேண்டும், எந்த உணர்வு தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும் என்ற இரண்டு வரிகளைப் படத்தின் கீழேயே அச்சிட்டால், என்னைப்போல் இரண்டு மாதத்தை வீணாக்குபவர்கள் குறைவார்கள்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்