தொழிலாளி பிள்ளைக்குத் தொடங்கிய பள்ளி: சுங்கை சிப்புட் வால்டோர்ஃப் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நம் ஊரில் தொடங்கவிருக்கும் வால்டோர்ஃப் பாலர் பள்ளிக்காக நீங்கள் வீடு வீடாகக் கொடுத்த விளக்கத் தாளில், வால்டோர்ஃப் கல்வி 1919இல் ஜெர்மனியில் தொடங்கியது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அடுத்த வரியிலேயே மரப் பொம்மையும் பதிவுக் கட்டணமும் வந்துவிட்டன. நம் ஊருக்கு வேண்டிய விஷயமே அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது. அதை விரித்துச் சொல்லிவிட்டு என் வழக்குக்கு வருகிறேன்.

ஸ்டுட்கார்ட் நகரத்தில் வால்டோர்ஃப் அஸ்டோரியா என்று ஒரு சிகரெட் தொழிற்சாலை. முதல் உலகப் போரில் நாடு தோற்று, பசியும் கலவரமுமாகக் கிடந்த நேரம். அதன் முதலாளி எமில் மோல்ட், ருடால்ஃப் ஸ்டைனர் என்ற சிந்தனையாளரை அழைத்து வந்து தொழிலாளர்களிடம் பேச வைத்தார். அவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி என்ற பேச்சு அங்கேதான் வலுத்தது. மோல்ட் ஒரு பழைய உணவகக் கட்டடத்தை வாங்கிக் கொடுக்க, செப்டம்பரில் சுமார் 250 பிள்ளைகளோடு பள்ளி திறந்தது. பெரும்பாலோர் தொழிற்சாலைப் பிள்ளைகள். அவர்களுக்கான கட்டணத்தை நிறுவனமே ஏற்றது. ஆணும் பெண்ணும், அதிகாரி வீட்டுப் பிள்ளையும் கூலி வீட்டுப் பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். அந்தக் காலத்து ஜெர்மனியில் அது சின்னக் காரியம் இல்லை. (மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் நம் ஊரில் பிறந்ததும் அதே 1919இல்தான். சம்பந்தம் இல்லாத செய்தி, ஆனாலும் நம்மூர்க்காரியாகச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

இப்போது நம் பக்கம் வாருங்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. சட்டத்துக்குப் பயந்து வைத்த பள்ளி எப்படி இருக்கும்? லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை. தோட்டத்து எழுத்தரான கிராணியோ, மேற்பார்க்கும் கங்காணியோ பகுதி நேர வாத்தியார். பிள்ளை பேரெழுதத் தெரிந்துகொண்டு ரப்பர் மரத்தில் பால்வெட்டும் கத்தியைத் தூக்கினால் போதும் என்ற கணக்கு. ஏறக்குறைய ஒரே காலம், இரண்டு இடத்திலும் கூலிக்காரர் பிள்ளைகள். அங்கே ஒரு முதலாளி பின்னல் ஊசியும் இசையும் ஓவியமும் கொடுத்தார். இங்கே முதலாளிமார் ஒரு கரும்பலகையோடு கைகழுவினார்கள். அதற்கு அப்புறம் நம் தமிழ்ப்பள்ளிகள் நிமிர்ந்தது வாத்தியார்களாலும் பெற்றோராலும்தான்.

அப்படியிருக்க, தொழிலாளி பிள்ளைக்கென்று பிறந்த கல்வி நம் ஊருக்கு வரும்போது தொழிலாளி தொட முடியாத விலையில் வருகிறது. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). நீங்கள் போட்டிருக்கும் மாதக் கட்டணம் அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறது. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவரும் தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்க்கிற அம்மாவும் அந்தத் தாளை மடித்துப் பிள்ளைக்குக் கப்பல் செய்து கொடுத்துவிடுவார்கள். ஈப்போவிலிருந்து காரில் கொண்டுவந்து விடுகிறவர்களுக்குத்தான் பள்ளி என்றால், அதை ஈப்போவிலேயே நடத்தலாமே?

உலகத்தில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன். ஹிட்லர் ஆட்சி 1938இல் ஸ்டுட்கார்ட் பள்ளியை மூடியது. போர் முடிந்ததும் மறுபடி திறந்தார்கள். இன்று எழுபதுக்கு மேற்பட்ட நாடுகளில் 1,200க்கு மேல் வால்டோர்ஃப் பள்ளிகள் இருக்கின்றன. எண்ணிக்கையை விடுங்கள், எப்படிப் பரவியது என்று பாருங்கள். பிரேசிலில் சாவோ பாவ்லோ நகரத்துக் குடிசைப் பகுதியில் ஊட்டே கிரேமர் என்ற ஆசிரியை தன் வீட்டுக் கதவைத் தட்டிய பிள்ளைகளை வைத்துத் தொடங்கிய வேலை, 1979இல் மோன்டே அசுல் என்ற சங்கமானது. எகிப்தில் இப்ராஹிம் அபுலைஷ் பாலைவனத்தில் செகெம் என்ற பண்ணையை 1977இல் தொடங்கி, பிறகு அங்கேயே பள்ளியும் வைத்தார். முஸ்லிம் பிள்ளையும் கிறிஸ்தவப் பிள்ளையும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். அமெரிக்காவில் பைன் ரிட்ஜ் ஒதுக்கிடத்தில் லகோட்டா பழங்குடியினர் தங்கள் மொழியைப் பிள்ளைகளின் வாயில் மறுபடி ஏற்றுவதற்கு இந்தக் கல்வியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். நமக்குப் பக்கத்திலேயே பாங்காக்கில் பன்யோத்தாய் பள்ளி 1996இலிருந்து தாய்லாந்து மொழியில் நடக்கிறது. ஹைதராபாத்தில் ஸ்லோகா 1997இல் வந்தது. சீனத்தில் செங்டு நகரில் 2004இல் ஒன்று தொடங்கியது, அப்புறம் நாடெங்கும் கிளைத்துவிட்டது. பரீட்சை அழுத்தத்தில் வெறுத்துப்போன பெற்றோர் அங்கே ஏராளம். அங்கும் பெரும்பாலும் வசதி உள்ளவர்கள்தான் சேர்க்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நன்றாக வேர் பிடித்த இடங்களில் முறையை வாங்கிக்கொண்டு சரக்கைத் தங்களுடையதாகப் போட்டிருக்கிறார்கள். ஒரு பாடத்தை மூன்று நான்கு வாரம் தினமும் காலையில் ஆற அமர நடத்துவது, கதையாகச் சொல்வது, கையால் செய்து கற்பது, பாடநூலுக்குப் பதில் பிள்ளையே தன் ஏட்டை எழுதி வரைவது, இதுதான் முறை. மஞ்சள் முடி பொம்மையும் கம்பளி உருண்டையும் முறை இல்லை. இந்த வெயிலில் கம்பளியைத் தொட்டாலே வியர்க்கிறது.

நீங்கள் காட்டிய ஆண்டு அட்டவணையில் நவம்பரில் மார்ட்டின் புனிதர் விளக்கு ஊர்வலம் இருக்கிறது. ஜெர்மனியில் அந்த மாதம் சீக்கிரம் இருட்டுகிறது, அதனால் பிள்ளைகள் விளக்கேந்திப் போகிறார்கள். அங்கே அர்த்தம் உண்டு. இங்கே அதே பருவத்தை ஒட்டிக் கார்த்திகை தீபம் வருகிறது. அகல் விளக்கைக் களிமண்ணில் பிள்ளைகளே செய்து, திரி திரித்து, வாசலில் வைக்கலாமே. வகுப்பில் பருவத்துக்கேற்ற பொருள்களை அடுக்கிவைக்கும் இயற்கை மேசைக்கு இலையுதிர் கால இலைகளை எங்கேயிருந்தோ வரவழைக்கப் போவதாக ஒருவர் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பால்மரமான ரப்பர் மரம் ஆண்டுத் தொடக்கத்தில் இலை சிவந்து கொட்டும் என்பது இந்த ஊரில் பிறந்தவருக்கே மறந்துபோகுமா? அந்த மாதங்களில் பால் குறைந்து, சம்பளமும் குறையும். பின்னால் காய் முற்றி, உச்சி வெயிலில் ‘டப்’பென்று வெடித்து விதை தெறிக்கும். ஒவ்வொரு விதையிலும் ஒவ்வொரு கோலம், ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. இரண்டு விதையை ஒன்றன் மேல் ஒன்று வைத்து உள்ளங்கையால் ஓங்கி அடிப்போம், எது உடைகிறதோ அது தோற்றது. சிமெண்டில் தேய்த்துச் சூடாக்கிப் பக்கத்துப் பையன் தொடையில் வைத்து அடி வாங்கியதும் உண்டு. செம்பனை வந்து கித்தாக் காடு சுருங்கிவிட்டது, ஆனாலும் மிச்சம் இருக்கிறது. ஒரு கூடை விதை பொறுக்கி வைத்தால் எண்ணவும் அடுக்கவும் வருஷம் முழுக்கத் தாங்கும்.

கைவேலையும் அப்படியே. பின்னல் ஊசி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மாவின் விரலை ஒருநாள் கவனியுங்கள். இடது கையில் வாழைநார், காம்பும் காம்பும் எதிரெதிராக இரண்டு பூ, ஒரு சுற்று, விரலில் ஒரு கண்ணி, இழுப்பு. முடிச்சு விழுவதைக் கண்ணால் பிடிக்க முடியாது. ஐந்து வயதுப் பிள்ளையின் விரலுக்கு இதைவிட நல்ல பயிற்சியை யாராலும் கப்பலில் அனுப்ப முடியாது. நேர்கோடும் வளைகோடும் வரையும் வகுப்பு ஒன்று உங்கள் திட்டத்தில் உண்டு. புள்ளிக் கோலம் தெரிந்த பாட்டிகள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள், சம்பளம் கொடுத்துக் கூப்பிடுங்கள். சும்மா கூப்பிடாதீர்கள்.

கதைக்கு வந்தால் இன்னொரு வேடிக்கை. வால்டோர்ஃப் பாடத்திட்டத்தில் ஜெர்மனிப் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்பில் பண்டைய இந்தியா வருகிறது, ராமாயணமும் மகாபாரதமும் சொல்கிறார்கள். நம் பிள்ளைக்கு மட்டும் பனிக்காட்டுக் குள்ளர் கதையா? நம் கதையோடு மலாய்க் கதைகளில் வரும் சருகுமான் சாங் கஞ்சிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பக்கத்து மலாய்க் கம்பத்துப் பிள்ளையும் நாளைக்கு நம்மிடம் சேரலாம்.

சரி, எழுத்து. ஏழு வயது வரை எழுத்து கிடையாது என்கிறீர்கள். இதில் நான் பாதி உங்கள் பக்கம். நாலு வயதுக் குழந்தைக்கு டியூஷன் வைக்கும் ஊர் இது. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், ஐந்து வயதில் படிக்கத் தொடங்கியவர்களும் ஏழில் தொடங்கிய ஸ்டைனர் (வால்டோர்ஃப்) பள்ளிப் பிள்ளைகளும் பதினொரு வயதை ஒட்டி வாசிப்பில் சமமாகிவிட்டார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் படித்தது ஒரே மொழியில், இருபத்தாறு எழுத்தில். நம் பிள்ளை முதலாம் ஆண்டுக்குப் போனதும் தமிழின் 247 எழுத்து, மலாய், ஆங்கிலம் மூன்றும் ஒன்றாக வந்து நிற்கும். வீட்டில் புத்தகம் இல்லாத பிள்ளைக்குப் பாலர் பள்ளியிலும் எழுத்து இல்லையென்றால் அதன் கதி என்ன? அதோடு, விஜயதசமி அன்று தாத்தா மடியில் உட்கார்ந்து பச்சரிசியில் ‘அ’ எழுதிவிட்டு வரும் பிள்ளையிடம் அதை மறந்துவிடு என்று யார் சொல்வது? எழுத்தைத் திணிக்காதீர்கள், தேடி வரும் பிள்ளையைத் தடுக்கவும் செய்யாதீர்கள். தனியார் பாலர் பள்ளியும் கல்வி அமைச்சில் பதிவு செய்து தேசிய பாலர் பள்ளிக் கலைத்திட்டத்தைப் பின்பற்ற வேண்டும் என்பதால், இதற்கு எப்படியும் நீங்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்றை மறைக்காமல் பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். ஸ்டைனர் வெறும் கல்வியாளர் இல்லை. ஆந்த்ரோபொசஃபி என்ற ஆன்மிகக் கொள்கையை வகுத்தவர். மறுபிறவி, கர்மம் எல்லாம் அதில் உண்டு. நம் ஆட்களுக்கு அதில் அதிர்ச்சி ஒன்றும் இருக்காது, உள்ளூரில் கேட்காததா! ஆனால் மனித இனங்களை மேல் கீழாக வைத்து அவர் சொன்னவையும் அச்சில் இருக்கின்றன. கூலி என்று அழைக்கப்பட்டவர்களின் பேரப் பிள்ளைகள் நாம். வால்டோர்ஃப் அமைப்புகளே பல நாடுகளில் அந்தப் பேச்சிலிருந்து விலகி அறிக்கை விட்டிருக்கின்றன. நீங்களும் எழுத்தில் ஒரு பத்தி போடுங்கள். பிறகு எவனாவது கைத்தொலைபேசியில் காட்டி ஊரைக் கிளப்புவதைவிட அது மேல்.

தமிழ்ப்பள்ளி பற்றி உங்கள் தாளில் ஒரு சொல்கூட இல்லை. தோட்டம் கைமாறி, குடும்பங்கள் பட்டணத்துக்குப் போய், 150 பிள்ளைகளுக்குக் குறைந்த தமிழ்ப்பள்ளிகள் நாட்டில் ஏராளம். உங்கள் பாலர் பள்ளி முடித்த பிள்ளை எங்கே போகும்? அனைத்துலகப் பள்ளிக்கு என்றால் எங்களுக்கு அதில் பங்கில்லை. தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டுக்கு என்றால், இப்போதே தலைமையாசிரியரையும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தையும் பார்த்துப் பேசுங்கள். ஆசிரியைகளைச் சேர்த்துக் கதைப் பட்டறை நடத்துங்கள். ஆறாம் ஆண்டு முடிவில் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ஒழிந்துவிட்டது, வகுப்பறையில் மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது. உங்கள் கையில் இருப்பது அவர்களுக்கும் உதவும்.

என்னைப் போன்ற ஆட்கள், அப்பா அம்மா வேலைக்குப் போனதும் பிள்ளைகளை விட்டுச்செல்லும் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் வளர்ந்தவர்கள். விட்டத்தில் சேலைத் தொட்டில், தரையில் ஒழுகும் மூக்குகள், நடுவில் ஒரு ஆயா. அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன், சொறியும் சிரங்கும் அங்கேதான் ஒட்டிக்கொள்ளும். ஆனால் எந்தப் பிள்ளையையும் காசு கேட்டு வாசலில் நிறுத்தியதில்லை.

பணத்துக்கு வழி கேட்பீர்கள். 1960இல் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது தோட்டத் தொழிலாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுத் தோட்டத்தையே வாங்கினார்கள். பாலர் பள்ளி அதைவிடப் பெரிதில்லை. முடிந்தவர் முழுக் கட்டணம், முடியாதவர் வருமானத்துக்குத் தக்கபடி, மிச்சத்துக்கு ஊர்ப் பங்கு என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்கள். அதில் ஆசிரியைகளின் சம்பளமும் தெரிய வேண்டும், முதலில் வெட்டு விழுவது அங்கேதான். கணக்கு நேராக இருந்தால் முதல் பங்குக்கு நான் பணம் கட்டுகிறேன். ரசீது மட்டும் மறக்காமல் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பாலர் பள்ளி ஆசிரியை ஒருவர்,
சுங்கை சிப்புட், பேரா.