கேமராவை அணைத்துவிட்டுப் பேசவை

கோத்தகிரி
நவம்பர்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வேதாரண்யத்தில் மழை பிடித்துக்கொண்டது, உப்புக் குவியல்களை ஓலை போட்டு மூடியாயிற்று என்று எழுதியிருந்தாய். இங்கும் வடகிழக்குப் பருவமழைதான். தகரக் கூரையில் அது விழும்போது பக்கத்துப் பிள்ளை பேசுவதே காதில் விழாது. அதனால் நம் இருவரின் நான்காம் வகுப்பையும் வீடியோ அழைப்பில் சேர்க்கிற வேலையைப் பொங்கல் கழித்து வைத்துக்கொள்வோம்.

எந்தச் செயலி நல்லது என்று கேட்டிருந்தாய். ஸ்கைப்பை 2025 மே மாதம் மூடிவிட்டார்கள். ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிடம் கிடைக்கும், நமக்கு 25 நிமிடமே போதும். எதைப் பேசவைக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

பல இடங்களில் ஒரு பிள்ளை ‘எங்கள் ஊர்’ என்று பத்து வரியை மனப்பாடமாக ஒப்பிக்கும், மறுபக்கம் கைதட்டும். அதில் யாருக்கும் யாரிடமும் கேட்பதற்கு ஒன்றுமில்லை. கேட்டால்தான் வேலை முடியும் என்ற நிலை வரவேண்டும். அதற்குப் படம் சொல்லி வரையவைப்பதுதான் நல்ல வழி. என் வகுப்புப் பிள்ளை கையில் ஒரு படம், அதைக் காட்டாமல் வாயால் சொல்லவேண்டும், உன் பிள்ளை கேட்டுக்கேட்டு வரையவேண்டும். வரைகிற பத்து நிமிடமும் கேமராவை இரண்டு பக்கமும் அணைத்துவிடு. கேமரா இருந்தால் ‘இது இங்கே, இப்படி’ என்று விரலை நீட்டிவிட்டுப் பேச்சை முடித்துவிடுவார்கள். அணைத்தால் இடது, வலது, மேலே, எத்தனை, எவ்வளவு உயரம் என்று எல்லாச் சொல்லும் வெளியே வந்தாகவேண்டும்.

தேயிலைக் கொழுந்து பறிக்கிற படம் என்று வைத்துக்கொள். ‘செடி இருக்கு’ என்பான். ‘எவ்வளவு உயரம்?’ ‘அந்த அக்கா இடுப்பு வரைக்கும்.’ ‘கூடை எங்கே இருக்கு?’ ‘முதுகில்.’ உன் பிள்ளை கூடையின் பட்டையைத் தோளில் வரைந்துவிடும், ஏனென்றால் பள்ளிப் பையை அப்படித்தான் மாட்டுகிறோம். பட்டை தலையில் மாட்டியிருக்கிறது என்பது கேட்டால்தான் தெரியும். கடைசியில் கேமராவைப் போட்டு இரண்டு படத்தையும் பக்கத்தில் பிடிக்கச் சொல். எங்கே விட்டுப்போனது என்று அவர்களே சொல்வார்கள். அடுத்த முறை நீ உப்புப் பாத்திப் படம் வை. படத்தில் ஆறேழு பொருளுக்கு மேல் வேண்டாம்.

முந்தைய நாள் ஒரு பாடவேளையில் கேள்விச் சொற்களை அட்டையில் எழுதிப் பழக்கிவிடு. ஒரு நேரத்தில் பக்கத்துக்கு நான்கு பிள்ளைகள் போதும். மற்றவர்களும் கேட்டபடி தங்கள் நோட்டில் வரையட்டும், இல்லாவிட்டால் சத்தம் கிளம்பிவிடும். என் வகுப்பில் வீட்டில் படுகு மொழி பேசுகிற பிள்ளைகள் உண்டு. புது ஆளிடம் தமிழில் பேச முதலில் தயங்குவார்கள். அவர்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைக்கிறேன், ஒருவர் திணறினால் மற்றவர் எடுத்துக்கொடுக்கலாம். அழைப்பின் நடுவில் உச்சரிப்பைத் திருத்தாதே. குறித்துவைத்து மறுநாள் சொல். நடுவில் திருத்தினால் அந்தப் பிள்ளை அதோடு வாயை மூடிக்கொள்ளும்.

இனி கருவி. ஒரே அறையில் இரண்டு கருவி அழைப்பில் இருந்தால் காதைக் கிழிக்கும் ஊளைச் சத்தம் வரும். ஒன்றின் மைக், ஸ்பீக்கர் இரண்டையும் அணைக்கவேண்டும். கடைசி பெஞ்சிலிருந்து பேசுவதை லேப்டாப் மைக் பிடிக்காது. மைக்கிலிருந்து ஒரு முழத்தில் நாற்காலி போட்டு, பேசுகிறவர் அதில் வந்து உட்காரட்டும். ஜன்னல் முதுகுப்பக்கம் இருந்தால் முகம் கறுப்பாகத் தெரியும், ஜன்னலைப் பார்த்து உட்காரவை. குரல் போய்ச்சேரக் கொஞ்சம் தாமதமாகும் என்பதால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசிவிடுவார்கள். பேசி முடித்ததும் ‘அவ்வளவுதான்’ என்று சொல்லப் பழக்கு. கூட்டமாக ‘வணக்கம்’ சொன்னால் ஒரே இரைச்சலாகக் கேட்கும், கையசைத்தால் போதும்.

பனிமூட்டத்தால் சிக்னல் போய்விடும் என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் குறுக்கே நிற்கிற மலைதான் காரணம். எந்த ஜன்னலில் நன்றாகக் கிடைக்கிறது என்று முதல்நாளே பார்த்துவைக்கிறேன். டேட்டா, தரத்தைக் குறைத்துவைத்தால் அரை மணிக்குச் சுமார் 300 எம்பி. மரம் விழுந்து கரண்ட் போனால் அன்றைக்கு வீடியோ அழைப்பு நடக்காது, அப்போது ஸ்பீக்கர் போனில் சாதாரண அழைப்பு செய்துவிடலாம். கேமரா இல்லாத விளையாட்டுதானே.

தலைமையாசிரியர் அனுமதியும் பெற்றோர் கையெழுத்தும் முன்கூட்டியே வாங்கிவிடு. பதிவு செய்யவேண்டாம், லிங்கை வாட்ஸ்அப் குழுவில் போடாதே. அன்றே ஒவ்வொருவரும் நான்கு வரி அஞ்சலட்டையில் எழுதட்டும். 50 பைசாதான். பேசியதை எழுதிப் பார்க்காவிட்டால் பாதி மறந்துபோகும்.

ஜனவரி கடைசி வாரம் புதன்கிழமை காலை 11 மணி எனக்குச் சரி. உனக்குத் தோதா என்று எழுது. உன் வகுப்பில் எத்தனை பேர் என்பதையும் சேர்த்து எழுது, அத்தனை அஞ்சலட்டை தயார் செய்கிறேன்.

அன்புடன்,
உன் தோழி