வண்ணக்கர்மாரிடம் ஒலிபெருக்கியில் ஐந்து நிமிடம் கேட்டு ஒரு மடல்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கோவில்களைப் பொறுப்பாக நடத்தும் வண்ணக்கர்மாருக்கும் பரிபாலன சபையாருக்கும்,

வணக்கம். வைகாசிச் சடங்குக்கு இன்னும் சில கிழமைகள்தான் இருக்கின்றன. அம்மன் கதவு திறந்ததிலிருந்து கடைசியில் வரும் குளிர்த்திச் சடங்கு முடியும் வரை ஊர் முழுக்கக் கோவில் வாசலில்தான் நிற்கும். ஒலிபெருக்கியில் காணாமற்போன மோதிரத்துக்கும், வழியை மறித்து நிறுத்திய மோட்டார் சைக்கிளுக்கும், நன்கொடை தந்தவர்களின் பெயர்களுக்கும் இடம் இருக்கிறது. அதில் ஐந்து நிமிடத்தை எங்கள் மாதர் சங்கத்துக்குத் தாருங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

விஷயம் மனித வியாபாரம். அரசாங்கச் சுவரொட்டிகளில் இதை ஆட்கடத்தல் என்றும் போடுகிறார்கள். அந்தச் சொல்லில்தான் முதல் சிக்கல். எங்கள் பக்கத்தில் ஆட்கடத்தல் என்றால் சண்டைக் காலத்தில் ஆட்களைத் தூக்கிக்கொண்டு போன வெள்ளை வான். இரவில் கதவு தட்டும் சத்தம், காலையில் ஆள் இல்லை. உத்தியோகத்தர்கள் வந்து ஆட்கடத்தல் பற்றிக் கூட்டம் வைத்தால் பெண்கள் கேட்பார்கள், தேநீர் குடிப்பார்கள், அந்தக் காலம் முடிந்துவிட்டதே என்று எழும்பிப் போவார்கள்.

என் வீட்டுக்கு மூன்று வளவு தள்ளி ஒரு பிள்ளை இருக்கிறாள். பெயர் வேண்டாம். மூன்று இடத்தில் குழுக்கடன், கிழமைக்கு மூன்று முறை கட்டுக்காசு. அந்த நேரத்தில் வீட்டுக்கு வந்தவர் ஊர் தெரியாதவர் இல்லை, தாய்க்குத் தம்பி முறை. "நீ காசு தர வேணாம், நாங்கதான் உனக்குத் தாறம்" என்று சொல்லி இரண்டு இலட்சத்தைக் கையில் வைத்தார். டுபாயில் ஆஸ்பத்திரி துப்புரவு வேலை என்றார். விசிட் விசாவில் போனாள். அங்கிருந்து வாகனத்தில் ஓமானுக்குக் கொண்டுபோய், இன்னும் பல பெண்களோடு ஓர் அறையில் விட்டார்கள். வீட்டுக்காரர்கள் வந்து ஆளைப் பார்த்துத் தெரிவு செய்வார்களாம். சந்தையில் மாடு பார்க்கிற மாதிரி என்று அவளே சொன்னாள். பாஸ்போட்டும் போனும் அவளிடம் இல்லை. விடிய ஐந்து மணிக்குத் தொடங்கும் வேலை நடுச்சாமம் தாண்டியும் முடியாது. வீட்டுக்குப் போகிறேன் என்றபோது, உனக்குத் தந்த காசையும் உனக்காகச் செலவழித்த காசையும் கட்டிப்போட்டுப் போ என்றார்கள். இங்கே மாமா கையில் வைத்த இரண்டு இலட்சம் அங்கே விலங்காகிவிட்டது.

ஏழு மாதம் கழித்து வந்து சேர்ந்தாள். பொலிசில் சொல்லுவோமா என்று தாயிடம் கேட்டேன். "புள்ள சந்தோசமாத்தானே போனாள், ஆரும் கடத்தல்லயே" என்றார்.

அந்தப் பதில்தான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மனித வியாபாரத்தைத் தடுக்க ஐ.நா. 2000 இல் கொண்டுவந்த நெறிமுறையை இலங்கை 2015 இல் ஏற்றுக்கொண்டது. ஆளைச் சேர்ப்பதோ ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவதோ பொய் சொல்லியோ, மிரட்டியோ, அவருடைய இயலாமையைப் பிடித்துக்கொண்டோ நடந்து, நோக்கம் சுரண்டலாக இருந்தால், அது மனித வியாபாரம். பொய் சொல்லி வாங்கிய சம்மதம் சம்மதமே இல்லை. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் பொய் சொல்லியிருக்கவும் தேவையில்லை. எங்கள் தண்டனைச் சட்டக்கோவையிலும் 2006 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இதற்கு 20 வருடம் வரை சிறை உண்டு. மாமா முறை என்றாலும் சரிதான்.

இது ஒரு வீட்டுக் கதையும் இல்லை. விசிட் விசாவில் ஓமானுக்கு அனுப்பப்பட்ட இலங்கைப் பெண்களின் விவகாரம் 2022 இல் நாடு முழுக்கத் தெரியவந்தது. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரித்து, அங்கே தூதரகத்தில் வேலை செய்த ஒருவரையே கைது செய்தது. பொடியன்மாரும் தப்பவில்லை. தாய்லாந்தில் கம்பியூட்டர் வேலை என்று கேட்டுப் போனவர்களை எல்லை தாண்டி மியன்மாரின் மியாவாடிப் பக்கம் கொண்டுபோய், இணையத்தில் ஆட்களை ஏமாற்றும் வேலையில் அடைத்து வைத்தார்கள். இங்கிலீசு தெரிந்த, படித்த பிள்ளைகள்.

மூதூர் ரிசானா நபீக்கை மறந்திருக்க மாட்டீர்கள். 2005 இல் சவூதிக்கு வீட்டுவேலைக்குப் போகும்போது 17 வயது. பாஸ்போட்டில் 23. அந்த ஆறு வருடத்தை யாரோ ஒருவர் இங்கே இருந்துகொண்டு எழுதினார். அந்த வீட்டுக் குழந்தை இறந்த வழக்கில் 2013 ஜனவரி 9 ஆம் திகதி அந்தப் பிள்ளையின் தலையை வெட்டினார்கள்.

சரி, அப்படியென்றால் வெளிநாடு போகவேண்டாம் என்று சொல்லச் சொல்கிறேனா? இல்லை. எங்கள் ஊரில் சுனாமிக்கும் சண்டைக்கும் பிறகு எழும்பின கல்வீடுகளில் பல, போன பெண்களின் காசில் எழும்பியவை. தடுத்தால் என்ன நடக்கும் என்றும் பார்த்துவிட்டோம். சின்னப் பிள்ளைகளை விட்டுத் தாய்மார் போகக்கூடாது என்று 2013 இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற விதி வந்தது. கடன் அப்படியே இருந்தது, ஆகவே போகிறவர்கள் போனார்கள், விசிட் விசாவில். தரகருக்கு அது நல்ல காலம்.

அறிவித்தலில் சொல்லவேண்டியது கொஞ்சம்தான். விசிட் விசா வேலை விசா இல்லை. ஏறுவதற்கு முன்பே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்திருக்க வேண்டும், பதியாமல் போனால் காப்புறுதியும் இல்லை. ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம். பிரதேச செயலகத்திலும் இதற்கென்றே ஓர் உத்தியோகத்தர் இருக்கிறார். எழுதாத தாளில் கையெழுத்து வைக்க வேண்டாம். பாஸ்போட்டின் போட்டோப் பிரதி ஒன்று வீட்டில் இருக்கட்டும். பிள்ளைகளைக் கொழும்பு வீடுகளுக்கு வேலைக்கு விடுகிற கதை காதில் விழுந்தால் சிறுவர் உதவி இலக்கம் 1929 க்கு எடுங்கள்.

இனிச் சொல்லப்போவது உங்களுக்குக் கோபம் வரக்கூடியது. நான் சொன்ன அந்த மாமாவின் பெயர் போன வருடம் ஒலிபெருக்கியில் மூன்று தரம் வாசிக்கப்பட்டது. மண்டப வேலைக்குப் பெரிய தொகை கொடுத்தார், பொன்னாடையும் போர்த்தினோம். நானும் கை தட்டினேன். அவரைப் பிடித்துக் கொடுங்கள் என்று சபையிடம் கேட்கவில்லை, அது பொலிசின் வேலை. ஆனால் எங்கள் சபை போர்த்துகிற பொன்னாடை ஒரு நற்சான்றுப் பத்திரம். அடுத்த வீட்டு வாசலில் அவர் போய் நிற்கும்போது, கோவிலுக்குச் செய்கிற மனிசன் என்றுதான் கதவு திறக்கிறார்கள்.

அந்தப் பிள்ளை திரும்பி வந்த வருடம் அம்மனுக்கு நேர்த்தியாகக் கற்பூரச்சட்டி எடுக்க வந்தாள். வரிசையில் முன்னும் பின்னும் நின்ற பெண்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். அங்கே என்ன நடந்ததோ என்று ஒரு பேச்சு. அடுத்த வருடம் அவள் வரவில்லை. இவளுக்கு நடந்ததைப் பார்த்த வேறொரு பெண் பொலிசுக்கு வாய் திறப்பாளா? யாருக்குச் சட்டி எடுக்க உரிமை உண்டு என்று சொல்லும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. இந்த முறை வண்ணக்கர் ஒருவர் அவள் வீட்டுக்கே போய் வரச் சொன்னால், ஊர் வாய் அடங்கும்.

அறிவித்தலை ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம். எழுத உதவியவள் அவள்தான். சடங்குக்கு முந்தின சபைக் கூட்டம் எந்த நாள் என்று சொல்லி அனுப்பினால் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
மாதர் சங்கத்தின் முன்னாள் செயலாளர் ஒருவர்