செய், பரிமாறு, நீ மட்டும் சாப்பிடாதே

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மகளிர் பகுதியில் ஒரு பக்கம் முழுக்க இனிப்புப் பலகாரத்தின் வண்ணப்படமும் செய்முறையும். எதிர்ப்பக்கத்தில் 'ஏழே நாளில் இடை மெலிய' என்ற உணவுப் பட்டியல். இரண்டையும் படிப்பவள் ஒருத்திதான். செய், பரிமாறு, ஆனால் நீ மட்டும் சாப்பிடாதே என்றுதான் அந்த இரண்டு பக்கங்களும் சேர்ந்து அவளிடம் சொல்கின்றன. வருத்தத்தோடுதான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் இதழ் எனக்குப் பிடித்த இதழ்.

அந்த ஏழு நாள் பட்டியல் எனக்குப் புதிதல்ல. 20 வருடங்களுக்கு முன் வேறொரு வார இதழிலிருந்து அதேபோன்ற ஒன்றைக் கத்தரித்து அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருந்தேன். முதல் நாள் பழம் மட்டும், இரண்டாம் நாள் காய்கறி மட்டும் என்று போகும். நான்காம் நாள் மாடிப்படியில் கண் இருட்டிக்கொண்டு வந்து, கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஐந்தாம் நாள் ராத்திரி, எல்லோரும் தூங்கிய பிறகு, விளக்குகூடப் போடாமல் சமையலறையில் நின்று கையில் கிடைத்ததையெல்லாம் சாப்பிட்டேன். மறுநாள் முழுக்க அழுகை. எனக்கு மன உறுதி போதவில்லை என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45இல் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமாக முன்வந்த திடகாத்திரமான 36 ஆண்களை ஆறு மாதம் அரைவயிற்றோடு வைத்துப் பார்த்தார். நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. கொஞ்ச நாளிலேயே அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லாமல் போனது. சிலர் சமையல் புத்தகங்களைத் தேடிச் சேர்த்துப் படிக்க ஆரம்பித்தார்கள். சோதனை முடிந்த பிறகும் சிலருக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்கவில்லை. இன்று பெண்களுக்கென்று வருகிற பட்டியல்கள் பலவும் 1,200 கலோரியில்தான் நிற்கின்றன.

ஊடகம் என்ன செய்துவிடும், பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்று கேட்பவர்களுக்கு ஃபிஜித் தீவைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அங்கே நல்ல தசைப்பிடிப்பான உடம்புக்குத்தான் மதிப்பு. யாராவது மெலிந்துபோனால் வீட்டார் கவலைப்படுவார்கள். நட்ரோகா என்ற மாகாணத்துக்கு 1995இல்தான் தொலைக்காட்சி வந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த ஆன் பெக்கர் என்ற மருத்துவர் அது வந்த புதிதிலும், பிறகு 1998இலும் பள்ளி மாணவிகளிடம் ஒரே கேள்விகளைக் கேட்டார். எடை கூடாமல் இருக்கத் தானே வாந்தி எடுப்பதாகச் சொன்னவர் 1995இல் ஒருவர்கூட இல்லை. 1998இல் 11.3 சதவீதம் பேர். உணவுப் பழக்கம் கோளாறாகும் அறிகுறி கூடுதலாகத் தெரிந்தவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமானார்கள். இரண்டு தடவையும் கேட்டது அறுபது சொச்சம் பேரிடம்தான், எல்லாப் பழியையும் டிவி மேல் போட்டுவிட முடியாது என்பதும் சரி. ஆனாலும் அந்தப் பூஜ்யத்தை என்னால் மறக்க முடியவில்லை.

இப்போது டிவி போய்க் கைபேசி வந்துவிட்டது. போன மாதம் சாப்பிட உட்கார்ந்த என் 14 வயது மகள், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துத் தன் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா பண்றே?" என்றேன். "ரெண்டு விரலும் தொடணும்மா. தொட்டாத்தான் ஒல்லி" என்றாள். தட்டில் பாதி அப்படியே இருந்தது. அன்றைக்கு ராத்திரி அவள் பார்க்கிற வீடியோக்களை அவளோடு உட்கார்ந்து பார்த்தேன். 'ஒரு நாளில் நான் என்னென்ன சாப்பிடுகிறேன்' என்கிற வகை. எதிலுமே முதலில் உணவு வருவதில்லை. அந்தப் பெண் கண்ணாடி முன் நின்று சட்டையைக் கொஞ்சம் தூக்கி வயிற்றைக் காட்டுகிறாள், அப்புறம்தான் தட்டு. இப்படிச் சாப்பிட்டால் இப்படி ஆகலாம் என்று வாய்திறந்து சொல்லவே வேண்டியதில்லை.

கம்பெனிக்காரர்களுக்கும் இது தெரியாததல்ல. உடம்பை நினைத்துச் சோர்ந்திருந்த பருவப் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அந்தச் சோர்வைக் கூட்டியது என்று சொன்னதாக அந்த நிறுவனத்தின் சொந்த ஆய்வே இருந்தது. 2021இல் அது வெளியே கசிந்த பிறகுதான் நமக்குத் தெரிந்தது.

எடை கூடினால் சர்க்கரை வரும், ரத்த அழுத்தம் வரும், அதைச் சொல்ல வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் நோயைப் பற்றிப் பேசும்போது ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்துத்தானே பேச வேண்டும்? இடை மெலிவது பெண்ணுக்கு மட்டும் ஏன்? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகெங்கும் 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மூச்சு வாங்கும், தலை சுற்றும், வேலை ஓடாது. அவர்களில் எத்தனையோ பேருக்கு வேண்டியது இன்னும் ஒரு கவளம், இன்னும் கொஞ்சம் இரும்புச்சத்து. அதற்கு எந்த இதழும் முழுப் பக்கம் ஒதுக்கி நான் பார்த்ததில்லை.

விளம்பரத்தில் மாடலின் உடம்பைத் திருத்தியிருந்தால் படத்தின் கீழே அதை அச்சிட வேண்டும் என்று பிரான்சில் 2017 முதல் சட்டம் இருக்கிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தச் சின்ன வாசகத்தால் பெரிதாகப் பயனில்லை என்றே பல ஆய்வுகள் சொல்கின்றன. கண் அந்த எழுத்துக்கு வருவதற்குள் மனசு ஒப்பிட்டு முடித்துவிடுகிறது. அதனால் நான் சட்டத்தைக் கேட்கவில்லை, உங்களிடம் கேட்கிறேன். உணவுப் பட்டியல் போட்டால் எழுதியவரின் பெயரையும் படிப்பையும் போடுங்கள். யாரெல்லாம் பின்பற்றக் கூடாது என்பதையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள்: கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள். காசு வாங்கிப் போட்ட பக்கம் என்றால் 'விளம்பரம்' என்று மேலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் ஒன்று, சமையல் குறிப்புகளில் 'குற்ற உணர்வில்லாமல் சாப்பிடலாம்' என்று எழுதுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பசித்துச் சாப்பிடுகிறவள் ஒரு குற்றமும் செய்யவில்லை.

எங்கள் வீட்டில் உங்கள் இதழை முதலில் பிரிப்பவள் என் மகள்தான். சென்ற இதழை மட்டும் அவள் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிட்டேன். அடுத்த இதழையும் அப்படி ஒளித்து வைக்க எனக்கு விருப்பமில்லை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி